மெல்ல

மூன்றாம் மாடியில் இயந்திரம் மெல்கிறது.
வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து,
ஒரு பருக்கைகூட இல்லாமல்.

எட்டுக் கடைவாய்ப் பற்கள், பிசின் கட்டைகளில் நட்டவை.
எட்டு எஃகுக் குமிழ்கள்
இறங்கி, அழுத்தி, சற்றே சறுக்கி, விலகி,
மறுபடி இறங்கி.
ஐந்து கிலோ பாரம். நொடிக்கு ஒன்றரைக் கடி.
ஒரு லட்சத்து இருபதாயிரம் கடித்தால்
ஆறு மாதம் சாப்பிட்டதாகக் கணக்கு.

ஏகாம்பரம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.
"வெறும் வாயை மெல்லுதே மேடம்,
கொஞ்சம் அவலாவது போடக்கூடாதா?"
அவர்தான் லாங் பஜாரில் நகப்பூச்சு வாங்கி வந்தவர்.
யாருக்கு என்று கேட்ட கடைக்காரரிடம்
எட்டுப் பல்லுக்கு என்றாராம்.

பல் முழுக்கச் சிவப்புப் பூசுவேன், இரண்டு முறை.
அடைப்பைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டுவிடுவேன்.
நீலச் சாயத்தில் ஒரு நாள் ஊறப்போட்டால்
நுழைய அது ஒன்றுதான் வழி.

பல்லின் நிறத்திலேயே அடைப்பு.
எங்கே பல் முடிந்தது என்று நோயாளிக்குத் தெரியாது,
வெளிச்சம் சரியில்லாவிட்டால் எனக்கும் தெரியாது.
ஆனால் நீல ஒளியில் இருபது நொடி இறுகும்போதே
அது நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்குகிறது.
பல் சுருங்காது.
ஒட்டிய நாளிலிருந்தே ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு
வெளியே சிரித்துக்கொண்டு.

கிருபாவதிக்கு எட்டு மாதம் முன்னால் அடைத்தது நான்தான்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி, தையல் பிரிவு.
பானைத் தண்ணி பட்டாலே சுரீர்னு ஏறுது என்று
வியாழக்கிழமை வந்திருந்தாள்.
கடினமாக எதையாவது கடித்தீர்களா?
"இல்ல மேடம். மெல்லத்தான் மென்னேன்."
நூலைக் கடிப்பீர்களா?
"கத்திரிக்கோலக் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க,
கைக்கு எட்டாது."

படிவத்தில் குறித்துக்கொண்டேன்: நூல்.
அவள் எழுந்திருக்கவில்லை.
"சூப்பர்வைசர் கத்தும்போது
பல்லக் கடிச்சிக்கினு இருப்பேன்.
அது கணக்குல வருமா?"

வெற்றிலைக்குக் கட்டம் இருக்கிறது.
சோடாவுக்கு இருக்கிறது. எந்தப் பக்கம் மெல்கிறீர்கள், இருக்கிறது.
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்கு
எந்தக் கட்டமும் இல்லை.
என் இயந்திரமும் கடித்த உடனே விட்டுவிடுகிறது.
பிடித்து வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது.
வேலை போய்விடும் என்ற பயம் அதற்கு இல்லை.

ஞாயிறு மதியம் வைரத் தகட்டால் பிளந்தேன்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி,
மின்விசிறியை நிறுத்திவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தால்
வேர்வை கண்ணில் இறங்குகிறது.
மேல் விளிம்பில் ஒன்றுமில்லை, வெள்ளை.
கீழே, ஈறுக்குப் பக்கத்தில், எனாமல் மெலிந்து தேயும் இடத்தில்
ஒரு நீலக் கோடு
உள்ளே,
இன்னும் உள்ளே.
காட்பாடிப் பாலத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு
பாலாறு மணலும் சீமைக் கருவேலமும்தான்.
ஓர் ஆள் ஆழம் தோண்டியவனுக்குத்தான்
அது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும்.

பூஜ்யம். இரண்டு. இரண்டு. மூன்று.
மூன்று என்றால் நரம்பறை வாசல் வரை.
எழுதி முடித்துத் தலை தூக்கியபோது
தாடை வலித்தது.
எவ்வளவு நேரமாகக் கடித்துக்கொண்டிருந்தேனோ.

திங்கட்கிழமை கிருபாவதியின் பழைய அடைப்பை எடுத்தேன்.
அடியில் ஒரு பழுப்பு நிழல்,
அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.
அடுக்கு அடுக்காக, முன்பைவிட மெல்லிசாக வைத்து,
ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளி காட்டி,
கடைசியில் கடித்துப் பார்க்கும் காகிதத்தைப் பல்லிடையே வைத்து,
கடிங்க, மெல்ல, என்றேன்.

வாயில் காகிதத்தோடு என்னைப் பார்த்தாள்.
"எந்த மெல்ல மேடம்?"